மெடிகேப்பா, அட்வான்டேஜா? 65ஐ நெருங்குகிறவன் போட்ட கணக்கு

“ஜீரோ பிரீமியம் சார்! பல்லுக்குக் குடுக்கறான், கண்ணாடிக்குக் குடுக்கறான், ஜிம்முக்கும் குடுக்கறான். அப்புறம் எதுக்கு மாசாமாசம் 170 டாலர் தண்டம் அழணும்?”

நியூ ஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில், தோசைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நண்பர் கேட்டார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மெடிகேரை, அதாவது 65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசாங்க மருத்துவக் காப்பீட்டை, தனியார் கம்பெனி வழியாகத் தரும் அட்வான்டேஜ் பிளான் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது, அவருக்கு ஒரு குறையும் இல்லை. அவர் 170 டாலர் என்றது, மெடிகேர் தராத பங்கை அடைக்கும் மெடிகேப் பாலிசிக்கு. எனக்கு அப்போது 65க்கு ஏழு மாதம் பாக்கி. தபால்பெட்டியில் தினம் நாலு கவர் வந்து விழும். எல்லாவற்றிலும் நரைத்த தலையோடு ஒரு தம்பதி சைக்கிள் ஓட்டிக்கொண்டே சிரிப்பார்கள். நண்பரின் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து எக்செல்லைத் திறந்தேன். ஐடியிலேயே காலம் தள்ளியவனுக்கு வேறென்ன தெரியும்?

எக்செல் சொன்ன பதில் நான் எதிர்பார்த்தது அல்ல. பணத்தை மட்டும் பார்த்தால் நண்பர் சொன்னதில் பெரிய தப்பில்லை. ஆனாலும் நான் வேறு பக்கம்தான் போனேன். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தொகைகள் எல்லாம் 2026ஆம் ஆண்டுக்கானவை, வருடாவருடம் மாறும்.

20 சதவீத ஓட்டை

மெடிகேரில் பார்ட் ஏ ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு, பார்ட் பி டாக்டர், ஸ்கேன், வெளிநோயாளி சிகிச்சைக்கு. அமெரிக்காவில் 40 காலாண்டுகள், அதாவது மொத்தம் பத்து வருடம், மெடிகேர் வரி கட்டி வேலை பார்த்திருந்தால் பார்ட் ஏ இலவசம். பார்ட் பிக்கு எல்லோரும் கட்ட வேண்டும்: மாதம் 202.90 டாலர். இது மெடிகேப் எடுத்தாலும் உண்டு, அட்வான்டேஜ் எடுத்தாலும் உண்டு. “ஜீரோ பிரீமியம்” என்று விளம்பரத்தில் போடுவது இந்த 202.90க்கு மேல் ஜீரோ என்பதுதான். நண்பருக்கே இது கொஞ்சம் மறந்துபோயிருந்தது, ஏனென்றால் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்திலேயே பிடித்துக்கொள்கிறார்கள்.

இந்த இரண்டும் எல்லாச் செலவையும் ஏற்பதில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முதல் 1,736 டாலர் நம்முடையது. அது வருடத்துக்கு ஒருமுறை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. வீடு திரும்பி 60 நாள் கழிந்தபின் மறுபடி சேர்ந்தால் மறுபடி 1,736. பார்ட் பி பக்கம் டிடக்டிபிள், அதாவது முதலில் நாமே கட்ட வேண்டிய 283 டாலர், போனபிறகு மெடிகேர் 80 சதவீதம் தரும், நாம் 20 சதவீதம். இந்த 20க்கு உச்சவரம்பே கிடையாது. கீமோதெரபிக்கு ஒரு லட்சம் டாலர் ஆனால் நம் பங்கு இருபதாயிரம். மாத்திரை மருந்து சுத்தமாக இல்லை.

இந்த ஓட்டையை எப்படி அடைப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு இரண்டு வழி.

முதல் வழி, அரசாங்க மெடிகேரை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே ஒரு மெடிகேப் பாலிசியும் மருந்துக்குத் தனியாக ஒரு பார்ட் டி பிளானும் வாங்குவது. மெடிகேப் பிளான்களுக்குப் பெயர் எழுத்துகளில்தான். இப்போது புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது ஜி (G) அல்லது என் (N). பிளான் ஜி எடுத்தால் வருடத்துக்கு அந்த 283 டாலரைக் கட்டிவிட்டு, மெடிகேர் ஏற்கிற எந்தச் சிகிச்சைக்கும் அநேகமாக ஒரு பைசா தர வேண்டாம். எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் ஜி என்றால் உள்ளே இருப்பது ஒன்றேதான், சட்டமே அப்படி. மாவு ஒன்று, பாக்கெட் வேறு. மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் மூன்றும் மட்டும் தங்களுக்கென்று தனி வரிசை வைத்திருக்கின்றன.

இரண்டாவது வழி, அட்வான்டேஜ், அதாவது பார்ட் சி. அரசாங்கம் நம் பெயருக்கு ஒரு தொகையைத் தனியார் கம்பெனிக்குக் கொடுத்துவிடும். கம்பெனி நம்மைப் பார்த்துக்கொள்ளும். மருந்தும் பெரும்பாலும் உள்ளேயே சேர்ந்திருக்கும். பல், கண், காது, ஜிம் எல்லாம் இங்கேதான் வரும். மெடிகேப் பக்கம் இவை இல்லை. பதிலுக்கு பெரும்பாலும் கம்பெனியின் நெட்வொர்க்கில், அதாவது அதோடு ஒப்பந்தத்தில், இருக்கிற டாக்டரிடம்தான் போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கோபே என்று ஒரு தொகையை நம் கையிலிருந்து தர வேண்டும், பெரிய சிகிச்சைக்கு முன்அனுமதி வாங்க வேண்டும். இப்போது மெடிகேரில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள்.

எக்செல் சொன்னது

65 வயதில் பிளான் ஜி மாதம் 170 டாலர், பார்ட் டி 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இது மாநிலத்துக்கு மாநிலம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்குப் பார்ட் பி 2,435, ஜி 2,040, டி 360, டிடக்டிபிள் 283. மொத்தம் 5,118. உடம்பு நன்றாக இருந்தாலும் இதுதான், படுத்துவிட்டாலும் இதுதான். மாத்திரைச் செலவு தனி.

அட்வான்டேஜில் உடம்பு நன்றாக இருக்கும் வருடம்: பார்ட் பி 2,435, கோபே ஒரு 300. மொத்தம் 2,735. மெடிகேப்பைவிட சுமார் 2,400 குறைவு.

படுத்துவிட்ட வருடம்? அட்வான்டேஜ் பிளான்கள் நம்மிடம் வாங்கக்கூடியதற்குச் சட்டம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது: நெட்வொர்க்குக்குள் 9,250 டாலர். பல பிளான்களில் இதைவிடக் குறைவு. முழுசாகப் போனாலும் 2,435ஐச் சேர்த்து 11,685. அதாவது மெடிகேப்பைவிட சுமார் 6,600 அதிகம்.

இப்போது கூட்டிக் கழியுங்கள். நல்ல வருடத்தில் 2,400 மிச்சம், மிக மோசமான வருடத்தில் 6,600 நஷ்டம். மூன்று நல்ல வருடம் ஒரு கெட்ட வருடத்துக்குக் காசு சேர்த்துவிடுகிறது. இதை நான் நாலு தடவை சரிபார்த்தேன். மெடிகேப் எடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடாமலே “அட்வான்டேஜ் ஏமாற்று” என்று சொல்லிவிடுகிறார்கள். மெடிகேப் பிரீமியமும் 170லேயே நிற்கப்போவதில்லை, வயதோடு ஏறிக்கொண்டே போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் எக்செல் இடறியது. 9,250 என்பது ஜனவரியிலிருந்து டிசம்பர் வரைக்குமான வரம்பு. நோய்க்கு அந்தக் காலண்டர் தெரியாது. அக்டோபரில் புற்றுநோய் என்று தெரிந்தால் டிசம்பருக்குள் ஒரு 9,250 போய்விடலாம். ஜனவரி ஒன்றாம் தேதி மீட்டர் மறுபடி பூஜ்யத்திலிருந்து. அப்புறம் ஒருவருக்கு வரும் பெரிய நோய் ஒரே வருடத்தில் முடிகிற நோயாக இருப்பதும் அபூர்வம்.

மருந்துச் செலவு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் அதிகம் சொல்லவில்லை. பிளானின் பட்டியலில் உள்ள மருந்துக்கு வருடத்தில் 2,100 டாலருக்கு மேல் நம் கையிலிருந்து போகாது, இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் இல்லை. நம் வீடுகளில் உப்பு, புளி மாதிரி புழங்கும் சர்க்கரை மருந்துகளான ஜனுவியா, ஜார்டியன்ஸ் இரண்டும் அரசாங்கம் பேரம் பேசி விலை குறைத்த முதல் பத்து மருந்துகளில் இருக்கின்றன. அந்த விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு

பணத்தில் இழுபறி என்றால் எதை வைத்து முடிவெடுப்பது? என் பதில்: எந்தப் பக்கம் போனால் திரும்பி வரலாம் என்பதை வைத்து.

மெடிகேப்பில் இருப்பவர் எந்த வருடம் வேண்டுமானாலும், அக்டோபர் 15க்கும் டிசம்பர் 7க்கும் நடுவில், அட்வான்டேஜுக்கு மாறலாம். சர்க்கரை இருக்கிறதா, பைபாஸ் ஆனதா என்று யாரும் கேட்க முடியாது. அட்வான்டேஜில் இருப்பவரும் அதே நாட்களில் அரசாங்க மெடிகேருக்குத் திரும்பலாம், அதில் தடையில்லை. ஆனால் திரும்பியபின் மெடிகேப் பாலிசி வாங்கப் போனால், கம்பெனி உங்கள் மருத்துவ வரலாற்றைக் கேட்கும். பிடிக்கவில்லை என்றால் “இல்லை” என்று சொல்லிவிடும், அல்லது இரட்டிப்பு விலை சொல்லும். மெடிகேப் இல்லாமல் திரும்பினால் பழையபடி அந்த வரம்பில்லாத 20 சதவீத ஓட்டை.

கேள்வி கேட்காமல் மெடிகேப் விற்றாக வேண்டிய காலம் வாழ்நாளில் ஆறு மாதம்தான். 65 வயதாகி, பார்ட் பி தொடங்கும் மாதத்திலிருந்து ஆறு மாதம். விதிவிலக்குகள் உண்டு. கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மேன், நியூ யார்க் மாநிலங்களில் பிறகும் வாங்க வழியிருக்கிறது. 65இல் முதல்முறையாக அட்வான்டேஜ் எடுத்தவர் முதல் 12 மாதத்துக்குள் மனம் மாறினால் திரும்பி மெடிகேப் வாங்கலாம். பிளானே மூடிவிட்டாலோ, அது இல்லாத ஊருக்கு நீங்கள் வீடு மாறினாலோ உரிமை உண்டு. மற்றபடி ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ யார்க்கில் கதவு திறந்திருக்கிறது, இந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் எங்களுக்கு மூடியிருக்கிறது.

அட்வான்டேஜில் இருந்த, எனக்குத் தெரிந்த ஒருவர் 69 வயதில் இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டார். அவருடைய இதய டாக்டர் அடுத்த வருடம் நெட்வொர்க்கை விட்டு வெளியே போய்விட்டார். அவரோடேயே இருக்க வேண்டும் என்று இவர் மெடிகேப்புக்கு விண்ணப்பித்தார். இரண்டு கம்பெனி மறுத்தன, மூன்றாவது கம்பெனிக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை. டாக்டரைத்தான் மாற்றினார். உடம்பு நன்றாக இருக்கும்போது மெடிகேப் தேவைப்படுவதில்லை, தேவைப்படும்போது கிடைப்பதில்லை. ஆகவே 65இல் நாம் தேர்ந்தெடுப்பது அந்த வயது உடம்புக்கான பிளானை அல்ல, 78 வயது உடம்புக்கான பிளானை.

முன்அனுமதி விஷயத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 2022இல் மத்திய சுகாதாரத் துறையின் தணிக்கைப் பிரிவு, அட்வான்டேஜ் கம்பெனிகள் மறுத்த கோரிக்கைகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 13 சதவீதம் மெடிகேர் விதிப்படி அனுமதித்திருக்க வேண்டியவை. மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்பவர்கள் பத்தில் ஒருவர் போலத்தான். செய்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்குத் தீர்ப்பு மாறுகிறது. சண்டை போடத் தெரிந்தவருக்குக் கிடைக்கும், இல்லாதவருக்கு இல்லை. சரி, அரசாங்க மெடிகேரில் முன்அனுமதியே கிடையாதா? அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. 2026 ஜனவரி முதல் நியூ ஜெர்சி, டெக்சஸ் உட்பட ஆறு மாநிலங்களில் சில குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு அங்கேயும் சோதனை முறையில் கொண்டுவந்திருக்கிறார்கள். பட்டியல் சின்னதுதான், ஆனாலும் வந்துவிட்டது.

ஆறு மாதம் கும்பகோணத்தில்

நம் ஆட்களுக்கென்று இரண்டு விஷயம் இருக்கிறது. கவரில் வருகிற சைக்கிள் தம்பதிக்கு இவை பொருட்டில்லை.

ரிட்டயர் ஆனபின் வருடத்தில் பாதி ஊரில், பாதி இங்கே என்று பலர் திட்டம் வைத்திருக்கிறோம். மார்கழிக்குப் போனால் சித்திரை முடிந்து திரும்பலாம் என்று எனக்கும் ஆசை. அட்வான்டேஜ் பிளான் அந்தந்த மாவட்டத்துக்கானது. அதன் எல்லைக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் பிளானிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அரசாங்க மெடிகேரில் அந்தப் பிரச்சினை இல்லை. பிரீமியம் கட்டிக்கொண்டிருந்தால் எத்தனை மாதம் வெளியே இருந்தாலும் கார்டு அப்படியே இருக்கும்.

வெளிநாட்டுக்குப் போகாதவர்களுக்கும் இது உண்டு. மகளுக்குப் பிரசவம் என்று டாலஸில் நாலு மாதம், மகன் வீட்டில் பேரன் பள்ளி விடுமுறைக்கு சியாட்டிலில் இரண்டு மாதம். அரசாங்க மெடிகேர் கார்டு இரண்டு ஊரிலும் செல்லும். அட்வான்டேஜில் நெட்வொர்க்குக்குள் மட்டும் பார்க்கிற எச்எம்ஓ வகை என்றால் வெளியூரில் அவசரச் சிகிச்சைக்கு மட்டும்தான். முழங்கால் வலிக்கு ஊர் திரும்பும்வரை தைலம்தான்.

இந்தியாவில் மெடிகேர் செல்லாது என்பது எல்லோருக்கும் தெரியும். மெடிகேப் பிளான் ஜி, பிளான் என் இரண்டிலும் வெளிநாட்டு அவசரச் சிகிச்சைக்குக் கொஞ்சம் இடமிருக்கிறது: 250 டாலர் டிடக்டிபிள், அதற்குமேல் 80 சதவீதம், வாழ்நாளுக்கு மொத்தம் 50,000 டாலர். ஆனால் பயணத்தின் முதல் 60 நாளுக்குள் நடந்தால்தான். மார்கழி முதல் தேதி போனவருக்கு மாசி மகத்தில் நெஞ்சு வலித்தால் அது கணக்கில் வராது. அட்வான்டேஜ் பிளான்கள் சிலவும் உலகளாவிய அவசரச் சிகிச்சை தருகின்றன. வரம்பைப் படித்துப் பார்க்க வேண்டும். எதுவானாலும் அங்கே பணத்தைக் கட்டிவிட்டு ரசீதோடு இங்கே வந்து கேட்பதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

ஒரேயடியாக ஊரோடு போய்விடுகிறவர்கள் “பார்ட் பியை எதற்குக் கட்ட வேண்டும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கட்டாமல் விட்ட ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 10 சதவீத அபராதம், ஆயுள் முழுவதும். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஏழு வருடம் விட்டால் இன்றைய விலையில் 17,000 டாலர் மிச்சம். திரும்பி வந்தபின் அபராதம் மாதம் 142, வருடத்துக்கு 1,704. மிச்சம் பிடித்ததெல்லாம் தீரப் பத்து வருடம் ஆகும். நான்கு வருடம் விட்டாலும் அதே பத்து வருடம்தான், பன்னிரண்டு விட்டாலும் அதேதான், போட்டுப் பாருங்கள். பயப்பட வேண்டியது அபராதத்துக்கு அல்ல, காத்திருப்புக்கு. திரும்பி வந்து சேர ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் விண்ணப்பிக்கலாம். கோவையில் ஜூலை மாதம் நோய் தெரிந்து “அமெரிக்கா போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று கிளம்பினால், அடுத்த ஜனவரியில் விண்ணப்பித்து பிப்ரவரி பிறக்கும்வரை கையில் பார்ட் பி இல்லை.

தேதிகளில் வழுக்குகிற இடங்கள்

65ஆம் பிறந்தநாள் மாதம், அதற்கு முன் மூன்று, பின் மூன்று, ஆக ஏழு மாதம் சேரும் காலம். ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு எல்லாம் ஒரு மாதம் முன்னதாகவே நகர்ந்துவிடும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் குத்துமதிப்பாக “ஜூன் 1” என்று எழுதிவிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! அவர்களுக்கு மே மாதமே மெடிகேர் தொடங்கிவிடும்.

65க்குப் பிறகும் வேலையில் இருப்பவர்கள், கம்பெனியில் 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால், பார்ட் பியைத் தள்ளிப்போடலாம். “எதற்கும் இருக்கட்டும்” என்று எடுத்துவிடாதீர்கள். எடுத்த மாதமே அந்த ஆறு மாத மெடிகேப் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். 68இல் ரிட்டயர் ஆகும்போது அது எப்போதோ நின்றுபோயிருக்கும். மருத்துவச் செலவுக்கு வரிச்சலுகையோடு சேமிக்கிற எச்எஸ்ஏ கணக்கில் பணம் போடுகிறவர்கள் பார்ட் ஏ சேர்வதற்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். 65க்குப் பிறகு சேர்ந்தால் பார்ட் ஏ ஆறு மாதம் வரை முன்தேதியிட்டு வரும், ஆகவே ஆறு மாதம் முன்பே நிறுத்துவது நல்லது.

வேலை போனவர்களுக்கு கோப்ரா, அதாவது பழைய கம்பெனிக் காப்பீட்டைச் சொந்தக் காசில் கொஞ்ச காலம் தொடரும் வழி, ஒரு கண்ணி. 65 தாண்டியவர் லேஆஃபில் வெளியே வந்து, கோப்ராவில் 18 மாதம் ஓட்டலாம் என்று இருந்துவிடுவார். ஆனால் மெடிகேர் கணக்கில் கோப்ரா வேலையோடு சேர்ந்த காப்பீடு ஆகாது. வேலை முடிந்ததிலிருந்து எட்டு மாதத்துக்குள் பார்ட் பியில் சேர வேண்டும். தவறினால் அபராதம், ஜனவரி வரிசை இரண்டும்.

அப்புறம் ஐர்மா. வருமானம் கூடியவர்களிடம் கூடுதல் பிரீமியம் வாங்குவதற்கு இப்படி ஒரு பெயர். இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிக் கணக்கைப் பார்ப்பார்கள்: 2026க்கு 2024 கணக்கு. தம்பதிக்கு 2,18,000 டாலரைத் தாண்டினால் பார்ட் பி 202.90 அல்ல, ஆளுக்கு 284.10, மேலே போகப் போக இன்னும் ஏறும். இரண்டு பேரும் ஐடியில் இருந்துவிட்டு ரிட்டயர் ஆகிறவர்கள் முதல் இரண்டு வருடம் இதில் மாட்டுவது சாதாரணம். வேலையை விட்டதால் வருமானம் குறைந்தது என்று எஸ்எஸ்ஏ-44 படிவம் கொடுத்தால் குறைப்பார்கள். ஆனால் ஊரில் இருக்கும் பூர்வீக வீட்டை விற்று லாபம் வந்து ஐர்மா ஏறினால் அந்தப் படிவம் உதவாது. 63 வயதில் மனை விற்றால் 65இல் மெடிகேர் பிரீமியம் ஏறும் என்பதைப் பட்டா மாற்றும்போது யார் சொல்லப்போகிறார்கள்?

கார்டே கிடைக்காதவர்கள்

கிரீன் கார்டில் வந்த அப்பா அம்மாவுக்கு, 65 தாண்டி, இங்கே தொடர்ந்து ஐந்து வருடம் வசித்தபிறகுதான் மெடிகேர். வேலை வரலாறு இல்லாததால் பார்ட் ஏக்கு மாதம் 565 டாலர், பார்ட் பியோடு சேர்த்து ஆளுக்கு 767.90. பார்ட் பி மட்டும் வாங்கலாம், ஆனால் ஏ, பி இரண்டுமே கையில் இருந்தால்தான் அட்வான்டேஜோ மெடிகேப்போ கிடைக்கும். இந்தியாவோடு சோஷியல் செக்யூரிட்டி ஒப்பந்தம் இல்லாததால் அங்கே முப்பது வருடம் வேலை பார்த்தது இங்கே எதற்கும் கணக்கில்லை.

எச்-1பி வேலை விசாவிலேயே கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவர்களுக்கு இன்னொரு அடி. 40 காலாண்டு வரி கட்டியிருந்தால் விசாவில் இருந்தாலும் முன்பு மெடிகேர் கிடைத்தது. 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை மாற்றிவிட்டது: குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும். கியூபா, ஹைதி, சில பசிபிக் தீவுகளுக்கு மட்டும் விலக்கு. இருபது வருடம் மெடிகேர் வரி கட்டியவர்களுக்குக் கார்டு இல்லை என்பதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

எச்-1பிக்காரரின் துணைக்கான எச்-4 விசாவில் வந்து வேலைக்கே போகாத மனைவிக்குக் கணவரின் 40 காலாண்டே போதும், பார்ட் ஏ இலவசம். மனைவிக்கு 65 ஆகும்போது கணவருக்கு 62 ஆவது ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

யாருக்கு எது

நண்பர் தப்பு செய்யவில்லை. அவர் தன் ஊரான எடிசனை விட்டு எங்கும் போவதில்லை. ஊரில் யாரும் இல்லை. அவருடைய மூன்று டாக்டர்களும் நெட்வொர்க்கில் இருக்கிறார்கள். கையில் ஐம்பதாயிரம் ஒதுக்கி வைத்திருக்கிறார், மோசமான வருடம் வந்தால் தாங்குவார். பல்லுக்குக் கிடைத்ததை முழுசாகப் பயன்படுத்துகிறார். அப்படிப்பட்டவருக்கு அட்வான்டேஜ் சரி. மாதம் 200 டாலர் கூடுதலாகக் கட்ட முடியாதவருக்கும் அதுதான் சரி. ஓட்டையோடு இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். கலிஃபோர்னியாவில் கைசர் மாதிரி டாக்டரும் ஆஸ்பத்திரியும் ஒரே கூரையின் கீழ் இருக்கிற இடத்தில் பல வருடமாகப் பழகியவர்கள் அங்கேயே தொடர்வதிலும் அர்த்தமிருக்கிறது.

குடும்பத்தில் புற்றுநோயோ இதய நோயோ இருக்கிறவர், மாநிலம் விட்டு மாநிலம் பிள்ளைகளிடம் போய்வருகிறவர், பாதி வருடம் ஊரில் இருக்க நினைப்பவர், போனில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து சண்டை போடுகிற சுபாவம் இல்லாதவர், இவர்கள் மெடிகேப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் இந்த நாலிலும் வருகிறேன்.

பிளான் ஜியா, பிளான் என்னா என்பதில் ஒரு வாரம் போனது. பிளான் என்னில் டாக்டரைப் பார்க்க 20 டாலர்வரை, எமர்ஜென்சிக்கு 50 டாலர்வரை நாம் தர வேண்டும். மெடிகேர் கட்டணத்துக்குமேல் சில டாக்டர்கள் 15 சதவீதம்வரை கூடுதலாகப் போட்டால் அதுவும் நம்முடையது. மாதம் 35 டாலர் குறைவு என்றால் வருடத்துக்கு 420, அதாவது 21 டாக்டர் விசிட். அத்தனை தடவை போகாதவரை பிளான் என்தான் லாபம். பின்னால் ஜிக்கு மாற வேண்டுமென்றால் மறுபடி மருத்துவக் கேள்விகள் வரும் என்பதால் நான் ஜியையே எடுத்தேன். மாதாமாதம் கட்டுவது கடினம், ஆனால் கையில் சேமிப்பு உண்டு என்பவர்கள் 2,950 டாலர் டிடக்டிபிள் உள்ள ஜியைப் பார்க்கலாம். பிரீமியம் வெகுவாகக் குறையும்.

ஏஜென்டுக்கு நாம் காசு தர வேண்டாம், கம்பெனி கமிஷன் கொடுக்கும். அதனாலேயே அவர் காட்டாத பிளான் ஒன்று எப்போதும் இருக்கும். மாநிலத்துக்கு மாநிலம் ஷிப் என்ற பெயரில் இலவச ஆலோசனை இருக்கிறது, விற்பதற்கு அவர்களிடம் ஒன்றுமில்லை. எங்கள் கவுண்டியில் ரிட்டயர் ஆன ஒரு டீச்சரம்மா உட்கார்ந்து நாற்பது நிமிடம் பொறுமையாகச் சொன்னார். கோப்ரா கண்ணி என்று மேலே எழுதினேன் அல்லவா, அதே கோப்ராவை வைத்து ஒரு வழி காட்டியதும் அவர்தான்.

மெடிகேர் தனி ஆளுக்கானது. நான் ரிட்டயர் ஆனால் என் கம்பெனிக் காப்பீட்டில் இருந்த மனைவிக்கு ஒன்றும் இருக்காது. அவளுக்கு 65 ஆக எனக்குப் பின்னால் மூன்று வருடம், அதில் ஒரு மாதம் குறைவு. ரிட்டயர் ஆகிவிட்டு மெடிகேர் எடுத்தால் அவளுக்கு கோப்ரா 18 மாதம்தான். முதலில் மெடிகேரில் சேர்ந்துவிட்டு, 18 மாதத்துக்குள் ரிட்டயர் ஆனால், நான் மெடிகேரில் சேர்ந்த தேதியிலிருந்து 36 மாதம் அவளுக்கு உண்டு. அதாவது அவளுடைய கார்டு வரும்வரை. பார்ட் ஏயை பிறந்தநாள் மாதத்தில் எடுத்தேன், மூன்று மாதம் கழித்து வேலையை விட்டேன். பார்ட் பியும் ஜியும் அப்போது தொடங்கின.

கோப்ராவில் கம்பெனி பங்கையும் சேர்த்து நாமே கட்ட வேண்டும், கூடவே 2 சதவீதம். முதல் பில் வந்த அன்று அவள் என் பர்ஸிலிருந்து மெடிகேர், ஜி, பார்ட் டி கார்டுகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள். “உங்க மூணையும் சேர்த்தாக்கூட என் ஒண்ணுக்குக் காணாது” என்றாள்.